பவேசே: ஒரு கேடயத்தின் பெயர் போன வழி

1289ஆம் ஆண்டு ஜூன் 11. இத்தாலியில் தொஸ்கானா நாட்டின் கசெந்தினோ பள்ளத்தாக்கில், காம்பால்தினோ என்ற சமவெளியில், புளோரன்ஸ் நகரப் படையும் அரெட்சோ நகரப் படையும் எதிரெதிரே நின்றன. அரெட்சோ பக்கம் தலைமை தாங்கி வந்தவர்களில் அந்த நகரத்தின் பிஷப் குலியெல்மினோவும் ஒருவர். அவருக்குக் கிட்டப்பார்வை. எதிரே வெள்ளையாக நீண்டு கிடந்ததைப் பார்த்து, அது எந்த ஊர் மதில் என்று கேட்டாராம். மதில் இல்லை, எதிரிகளின் பால்வேசிகள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்களாம். புளோரன்ஸ் வணிகர் தீனோ கொம்பாஞ்ஞி தம் வரலாற்று நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். வெள்ளைப் பரப்பில் சிவப்பு அல்லி எழுதிய பெரிய கேடயங்களைப் புளோரன்ஸ்காரர்கள் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அன்று மாலைக்குள் பிஷப் இறந்துபோனார். அந்தப் போரில் புளோரன்ஸ் பக்கம் குதிரைப் படையில் நின்றவர்களில் இருபத்து நான்கு வயதுத் தாந்தேயும் ஒருவர்.

பிஷப்பின் கண்ணை ஏமாற்றிய அந்தக் கேடயத்தின் பெயர்தான் இந்தக் கட்டுரையின் பொருள். கொம்பாஞ்ஞி எழுதியது ‘பால்வேசே’ என்று. இத்தாலியின் மற்ற இடங்களில் ‘பவேசே’. பிரெஞ்சில் ‘பவுவா’, ஆங்கிலத்தில் ‘பவிஸ்’, ஸ்பானியத்தில் ‘பவேஸ்’, ஜெர்மனில் ‘பவேசெ’, ‘பஃபேசெ’, செக் மொழியில் ‘பவேசா’, போலிஷ் மொழியில் ‘பவென்ஷ்’. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவின் பாதிக்கு மேல் இந்த ஒரு பெயர் பரவியிருக்கிறது. பெயர் பரவிய அளவுக்குப் பொருள் ஒன்றாக இருந்ததா என்பது வேறு கேள்வி. இடைக்காலப் போர்க்கருவிகளை ஆராய்ந்து மறுபடி செய்து பார்க்கிறவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் பிடித்து வாளைத் தடுக்கும் கேடயம் வேறு, இது வேறு. தரையில் ஊன்றி, அதன் மறைவில் ஒருவர் நின்றோ முழங்காலிட்டோ வேலை பார்ப்பதற்கான செவ்வகப் பலகை இது. ஊன்றுகேடயம் என்று சொல்லலாம். பெரிய வகை ஒரு மீட்டருக்கும் மேல் உயரம். இதை அதிகம் நம்பியிருந்தவர்கள் குறுக்குவில் வீரர்கள். குறுக்குவில்லின் நாணை ஏற்ற வில்லின் முனையைத் தரையில் வைத்து, அதிலுள்ள இரும்பு வளையத்தில் காலை நுழைத்து, இடுப்புக் கொக்கியில் நாணை மாட்டி, முதுகு நிமிர்ந்து இழுக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவர் கையில் ஆயுதம் இல்லாதவருக்குச் சமம். யாராவது மறைத்து நிற்க வேண்டும். மறைத்து நிற்பதே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். 1260இல் மோந்தாபேர்த்தி என்ற இடத்தில் சியெனா நகரத்திடம் புளோரன்ஸ் தோற்றபோது, புளோரன்ஸ் படையின் பதிவேடுகள் எதிரி கையில் சிக்கின. அதனாலேயே அவை அழியாமல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்த ஏடுகளில் வில்லாளிகள் தனி, கேடயம் தாங்குபவர்கள் தனி. எனவே 1260க்குள் இந்தக் கேடயத்துக்குப் பெயரும், அதைத் தாங்குபவருக்குத் தனிப் பணிப்பெயரும் வழக்கில் நிலைத்துவிட்டன.

பெயர் எங்கிருந்து வந்தது? அகராதிகள் காட்டுவது வட இத்தாலியில் உள்ள பாவியா நகரத்தை. ‘பவேசே’ என்றால் இத்தாலிய மொழியில் ‘பாவியா ஊரைச் சேர்ந்தது’ என்று பொருள். இலக்கணம் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் இலக்கணம் பொருந்துவது மட்டும் சான்றாகாது. ஒலி ஒத்துப்போகிற ஊர்ப்பெயரைப் பிற்காலத்தார் பிடித்து ஒட்டவைப்பது எல்லா மொழியிலும் நடப்பதே. போதாக்குறைக்கு, தொஸ்கானாக்காரர்கள் எழுதிய ‘பால்வேசே’யில் ஒரு ல் நடுவில் நிற்கிறது. பாவியா என்ற பெயரில் அந்த ல்லுக்கு இடமே இல்லை. ஆகவே, அந்தக் காலத்தவர் ஒருவரே இது பாவியாவின் பெயர்தான் என்று சொன்னால் தவிர நம்புவதற்கில்லை என்று ஒருவர் வாதாடலாம். வாதாடுவது நியாயமும்கூட.

அப்படி ஒருவர் இருக்கிறார். பெயர் ஓபிசினஸ் தே கனிஸ்திரிஸ். 1296இல் பாவியாவுக்கு அருகே பிறந்த பாதிரியார். ஊரில் ஏற்பட்ட அரசியல் குழப்பத்தில் வெளியேறி, அப்போது போப் வாழ்ந்த ஆவிஞோன் நகரத்துக்குப் போய், அங்கே போப்பின் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் மனித உருவங்களாக வரைந்த விசித்திரமான நிலப்படங்களால் இன்று கலை வரலாற்றில் அவர் பெயர் அடிபடுகிறது. எனக்கு அவரிடம் வேண்டியது வேறொன்று. 1330இல் தாம் விட்டுவந்த ஊரின் பெருமைகளை லத்தீனில் ஒரு நூலாக எழுதினார். தெருக்கள், கோயில்கள், உணவு, திருவிழா, சாவுச் சடங்கு வரை அதில் இருக்கின்றன. இளைஞர்கள் பிரம்பால் முடைந்த தலைக்காப்பு அணிந்து மர ஆயுதங்களோடு போலிச் சண்டை போட்டதையும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை ஒட்டியே நமக்கு வேண்டிய செய்தி வருகிறது: பாவியாப் படையின் புகழ் இத்தாலி முழுவதும் பரவியிருக்கிறது, அதனால் மேலும் கீழும் ஏறக்குறைய சதுரமாக உள்ள ஒருவகைப் பெரிய கேடயங்களை எங்கும் பாப்பியாக் கேடயங்கள் என்கிறார்கள்.

சொந்த ஊரைப் புகழ எழுதிய நூல் ஆயிற்றே, நம்பலாமா? நம்பலாம் என்றே நினைக்கிறேன். அந்தக் கேடயத்தைத் தன் ஊர்தான் கண்டுபிடித்தது என்று அவர் சொல்லவில்லை. தன் ஊரில்தான் நன்றாகச் செய்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் சந்தேகப்படலாம். ‘எங்கும் இப்படித்தான் அழைக்கிறார்கள்’ என்பது மட்டுமே அவர் கூற்று. ஆவிஞோனில் அவரைச் சுற்றிலும் இத்தாலியர்கள். பொய் என்றால் அன்றே கேட்டிருப்பார்கள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் சொல்கிறபடி பெயர் வந்தது கேடயம் செய்தவர்களால் அல்ல, ஏந்தியவர்களால். கோழிக்கோட்டுத் துறையிலிருந்து ஏற்றுமதியான பருத்தித் துணிக்கு ஐரோப்பியர் காலிகோ என்று பெயர் வைத்தது சரக்கு கிளம்பிய இடத்தைப் பார்த்து. பாவியாவின் கதை அப்படியன்று. போர்க்களத்தில் அந்தக் கேடயத்தோடு வந்து நின்றவர்களின் ஊர் எதுவோ, அதுவே கேடயத்தின் பெயராகிவிட்டது.

ஓபிசினஸ் எழுதிய ‘பாப்பியா’ எப்படிப் ‘பாவியா’ ஆயிற்று என்பதும் சுவையானது. ரோமானியர் காலத்தில் அந்த ஊர் திசீனும்; அதை ஒட்டி ஓடும் திசீனோ ஆற்றின் பெயர். மூன்றாண்டு முற்றுகைக்குப் பிறகு 572இல் லாங்கோபார்டியர் அதைப் பிடித்துத் தலைநகராக்கினார்கள். அவர்கள் ஆட்சிக்காலத்தில்தான் பாப்பியா என்ற பெயர் தலைகாட்டுகிறது. 774இல் சார்லமேன் வந்து பிடித்த பிறகும் அந்தப் பெயரே நின்றது. பிறகு வட இத்தாலிய வாய்மொழியில் இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்த ப மெலிந்து வ ஆனது. நமக்கு இது அந்நியமான மாற்றம் இல்லை. தீபம் தீவம் ஆனதும், வடமொழித் துவீபம் பிராகிருதத்தின் வழியே வந்து தீவு ஆனதும் இதே மெலிவால்தான்.

பெயர் இத்தாலியை விட்டு வெளியே போனது கூலிப்படைகளோடு. ஜெனோவாவின் குறுக்குவில் வீரர்களை ஐரோப்பிய அரசர்கள் போட்டி போட்டு அமர்த்திக்கொண்டார்கள். அவர்கள் போன இடமெல்லாம் கேடயமும் போனது, பெயரும் போனது. அந்தக் கேடயம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1346 ஆகஸ்ட் 26, பிரான்சின் கிரெசி. ஆறாம் பிலிப்பின் படைக்கு முன்னே ஜெனோவாக்காரர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்களுடைய பெரிய கேடயங்கள் பின்னால் வந்துகொண்டிருந்த சாமான் வண்டிகளில் கிடந்தன. எதிரே இங்கிலாந்தின் நெடுவில்லாளிகள். குறுக்குவில் ஒரு முறை எய்வதற்குள் நெடுவில் பல முறை எய்துவிடும். மறைவில்லாமல் நாண் ஏற்ற நின்றவர்கள் சரிந்தார்கள். மிஞ்சியவர்கள் திரும்பி ஓடியபோது, பின்னால் நின்ற பிரெஞ்சுக் குதிரை வீரர்களே அவர்களை மிதித்துக்கொண்டு போனார்கள். மழை நாணை நனைத்தது, வெயில் கண்ணில் அடித்தது என்றெல்லாம் அந்தத் தோல்விக்குக் காரணம் சொல்வதுண்டு. வண்டியில் கிடந்த மரப்பலகைகளுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

இத்தாலியப் பெயர் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே போனதும் கதை திசை மாறுகிறது. அருங்காட்சியகங்களில் நாம் இன்று பார்க்கும் பவேசேக்களில் பெரும்பாலானவை இத்தாலியில் செய்தவை அல்ல. பொகேமியா, ஆஸ்திரியா, ஜெர்மன் நாடுகள் ஆகிய இடங்களில் 15ஆம் நூற்றாண்டில் செய்தவை. வியன்னா நகர ஆயுதச் சாலையிலிருந்து வந்த தொகுதி, மேல் ஆஸ்திரியாவின் என்ஸ் ஊரிலிருந்து வந்தவை, செக் நாட்டின் கிளாத்தோவி ஊரில் இருப்பவை எல்லாம் புகழ்பெற்றவை. இவற்றுக்கு ஒரு பொது அடையாளம் உண்டு. செவ்வகத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஓர் அகன்ற புடைப்பு ஓடும். பின்புறம் அதே இடம் குழிந்திருக்கும். அந்தக் குழிவில் கை அடங்கும், தாங்குகோலும் அடங்கும். நேராக வரும் அம்பைப் புடைப்பின் சரிவு விலக்கிவிடும். பலகைக்கும் விறைப்பு கூடும். இன்று ‘பவிஸ்’ என்று எந்தப் படப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்த வடிவமே இருக்கும்.

ஓபிசினஸ் சொன்ன அடையாளங்களை மறுபடி பாருங்கள். பெரியது; மேலும் கீழும் சதுரம். புடைப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவ்வளவு துலக்கமான ஒன்று இருந்திருந்தால், ஓரங்களின் வடிவத்தைக் கூடக் குறித்துவைத்த மனிதர் அதை விட்டிருப்பாரா?

அந்தப் புடைப்பின் ஊரைத் தேடினால் பாவியாவிலிருந்து வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. பால்டிக் கடற்கரையில் பழம் பிரஷ்யரும் லித்துவேனியரும் ஏந்திய கைக்கேடயம் ஒன்று உண்டு. சிறியது, செவ்வகமானது, நடுவே நெடுக்காகப் புடைத்தது. அவர்களோடு தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட ஜெர்மன் சிலுவைப் போர் அமைப்பான தியூட்டானிய சபையின் வீரர்களுக்கு அது பிடித்துப்போய் அவர்களும் ஏந்தினார்கள். சபையின் ஆவணங்களில் பிரஷ்யக் கேடயம் என்றும் லித்துவேனியக் கேடயம் என்றும் பெயர்கள் இருக்கின்றன. போலந்து வழியாக அது தெற்கே இறங்கிப் பொகேமியாவை அடைந்து, அங்கே பெரிதாகி, தரையில் ஊன்றும் கேடயமாகவும் வளர்ந்தது என்பது பல ஆய்வாளர்களின் முடிவு. பொகேமியக் கேடயங்களை முழுமையாகத் தொகுத்து ஆராய்ந்தவர் பிராக் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த விளதிமீர் தென்க்ஷ்டைன். 1960களில் வெளிவந்த அவருடைய ஆய்வுதான் ‘பொகேமிய வகை’ என்ற பிரிவையே நிலைநாட்டியது.

ஆக, வடிவம் வடகிழக்கிலிருந்து வந்தது, பெயர் தென்மேற்கிலிருந்து வந்தது. இரண்டும் நடு ஐரோப்பாவில் சந்தித்து ஒன்றாகிவிட்டன. பால்டிக் வடிவத்துக்கு இத்தாலியப் பெயர் சூட்டப்பட்டது. பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடப்பவர் பாவியாவுக்குப் போய்ச் சேர்வார். வடிவத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் லித்துவேனியாவின் நேமன் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்வார். இருவரும் சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள்.

அந்தக் கூட்டுப்பொருளுக்குப் பெரும்பெயர் தந்தவை, சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸின் வழியினர் நடத்திய ஹுஸ் இயக்கப் போர்கள். 1419 முதல் 1434 வரை பொகேமியாவின் குடியானவர்களும் நகரத்தாரும் தங்கள் மேல் வந்த சிலுவைப் படைகளை ஒன்றன்பின் ஒன்றாக முறியடித்தார்கள். அவர்களுடைய தளபதி யான் ஜிஷ்கா வகுத்த முறையில் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்துக் கோட்டையாக்கி, உள்ளே இருந்து துப்பாக்கியாலும் குறுக்குவில்லாலும் அடித்தார்கள். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைத்தது பெரிய பவேசா. ஒவ்வொரு வண்டியின் ஆட்களிலும் கேடயம் பிடிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. ‘பவேஸ்னீக்’ என்று பெயர். லிப்பானி என்ற இடத்தில் நடந்த போரில் இயக்கத்தின் தீவிரப் பிரிவு அழிந்த பிறகு, இந்தப் போர்முறையைக் கற்றவர்கள் கூலிக்குப் போகத் தொடங்கினார்கள். ஹங்கேரி அரசர் மாத்தியாஸ் கொர்வினுஸின் கறுப்புப் படையில் அவர்களுக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஜெர்மன் நகரங்களும் எதிரியின் கேடயத்தைப் பார்த்துத் தங்களுக்கும் அதேபோல் செய்துகொண்டன.

இப்போது மறுபடி செய்து பார்க்கிறவர்களிடம் வருகிறேன். ஐரோப்பாவில் இதை உயிரைக் கொடுத்துச் செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பழைய கணக்கேடுகளைப் படிப்பார்கள், கல்லறைச் சிற்பங்களையும் பலிபீட ஓவியங்களையும் அளந்து வரைவார்கள், அருங்காட்சியகத்தில் பொருளின் பின்புறத்தைப் பார்க்க அனுமதி வாங்கக் காத்திருப்பார்கள். பின்புறத்தில்தான் உண்மை இருக்கிறது. வாரின் ஆணிகள் எங்கே, கைப்பிடி எந்த உயரத்தில், தோல் எங்கே மடிக்கப்பட்டது என்பதெல்லாம் முன்பக்க ஓவியத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை அல்ல. ஆயினும் கிரெசிக் களத்து ஜெனோவாக்காரருக்கும், காம்பால்தினோவில் நின்ற புளோரன்ஸ்காரருக்கும், நடுவில் புடைப்பும் முன்னே புனித ஜார்ஜின் படமும் உள்ள பொகேமியக் கேடயத்தைக் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. விற்பனைக்குச் செய்யப்படும் பிரதிகள் பெரும்பாலும் அந்த ஒரே வகை.

இதற்குக் காரணம் அறியாமை மட்டுமில்லை. எந்தப் பொருள் தப்பிப் பிழைத்தது என்பதும் ஒரு காரணம். நடு ஐரோப்பிய நகரங்கள் நகரத்தின் செலவில் கேடயங்களை மொத்தமாகச் செய்து ஆயுதச் சாலையில் அடுக்கிவைத்தன. வெடிமருந்து பரவி, கேடயத்தால் இனிப் பயனில்லை என்று ஆன பிறகும் அவை அங்கேயே கிடந்தன. ஒரே நகரச் சின்னம், ஒரே புனிதரின் படம், வரிசையாகப் பல பலகைகள். அப்படிக் கிடந்தவையே அருங்காட்சியகங்களுக்கு வந்தன, அவற்றின் படங்களே புத்தகங்களுக்கும் வந்தன. 13ஆம் நூற்றாண்டு தொஸ்கானாக் கேடயத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பிழைத்ததை வைத்துப் பிழைக்காததை நிரப்பிவிடுகிறோம். நடுவே ஒரே பெயர் இருப்பதால் நிரப்பியது உறுத்துவதும் இல்லை.

ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலை உணர்ந்து, தரையில் ஊன்றும் பெரிய வகையைத் தங்கள் மொழியில் ‘ஊன்றிவைக்கும் தார்ஷெ’ என்று பிரித்துச் சொல்வதுண்டு. தார்ஷெ, பிரெஞ்சு தார்ஜ் இரண்டும் ‘விளிம்பு’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தவை. ஸ்பானிய ‘அதார்கா’ என்ற தோல் கேடயத்தின் பெயர் பார்ப்பதற்கு அவற்றின் உறவு போலவே தெரியும். அது உறவு இல்லை. அரபு மொழியின் ‘தரக்கா’விலிருந்து வந்தது. கேடயப் பெயர்களில் இப்படி முகம் ஒத்த அந்நியர்கள் நிறையப் பேர்.

செய்முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் இந்தப் பொருளின் மேல் எனக்குள்ள மதிப்பைச் சொல்லாமல் விட்டதாகும். மரம் கனமானதாக இருக்கக் கூடாது. பாப்லர், பைன், ஸ்புரூஸ் போன்ற இலகு மரங்களின் பலகைகளை இணைத்திருக்கிறார்கள். இணைப்பதற்கு நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் விலங்குப் பசை. அதன் மேல் தோல் அல்லது நாரிழைத் துணி, சில சமயம் இரண்டும். பலகை பிளந்தாலும் சிதறாமல் பிடித்து வைத்திருப்பது அந்த உறைதான். துணியின் மேல் சுண்ணத்தூளும் பசையும் குழைத்துப் பூச்சு. அது காய்ந்து தேய்த்து வழவழப்பான பிறகு வண்ணம், சில இடங்களில் வெள்ளித் தகடு. தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிறவர்கள் பலகையில் துணி ஒட்டிச் சுக்கான் மாவு பூசித் தங்க ரேக்கு பதிக்கிற வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசையை விளக்கவே வேண்டியதில்லை. ஆல்ப்ஸுக்கு வடக்கே பூச்சுக்குச் சுண்ணக்கல் தூள், தெற்கே ஜிப்சம். 1400 வாக்கில் ஓவியத் தொழில்நுட்பத்தை நூலாக எழுதிய சென்னினோ சென்னினி, ஜிப்சத்தை ஒரு மாதம் தண்ணீரில் வைத்து நாள்தோறும் கிளறி, கெட்டியாகும் குணத்தைப் போக்கிய பிறகே மெல்லிய பூச்சுக்கு எடுக்கச் சொல்கிறார். பலிபீடத்துக்கு எழுதிய அதே கை கேடயத்துக்கும் எழுதியது. அம்பு படப்போகிற பலகைக்கு இத்தனை வேலையா என்று கேட்கலாம். பூச்சும் வண்ணமும் ஈரம் உள்ளே இறங்காமல் தடுக்கின்றன. மழையில் நனைந்த கேடயம் தூக்க முடியாத கேடயம்.

இன்று பிரதி செய்கிறவர்கள் ஒட்டுப்பலகையை எடுத்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. ஒட்டுப்பலகையில் அடுக்குகளின் நார் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடும். பழைய பலகையில் நார் ஒரே திசை. எடை, வளைவு, அம்பு பட்டால் பிளக்கும் விதம் எல்லாம் மாறிவிடுகின்றன. பார்வைக்கு ஒன்றாக இருக்கும், சோதனைக்கு உதவாது. இலகு மரத்தைச் செதுக்கி, தோல் போர்த்தி, பொறுமையாகச் செய்கிறவர்களின் உழைப்பே நமக்கு உண்மையில் எதையாவது சொல்லித்தருகிறது.

கேடயம் களத்தை விட்டுப் போன பிறகு பெயர் என்ன ஆயிற்று? அது கடலுக்குப் போனது. மத்தியதரைக் கடலின் துடுப்புக் கப்பல்களில் வில்லாளிகளையும் துடுப்புப் போடுபவர்களையும் மறைக்கப் பக்கவாட்டில் பவேசேக்களை வரிசையாக மாட்டுவார்கள். பிறகு அந்த வரிசைக்கே அந்தப் பெயர் வந்தது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு 1546இல் அளிக்கப்பட்ட ஆந்தணி சுருளில் அவருடைய கப்பல்களின் வண்ணப் படங்கள் இருக்கின்றன. கப்பல்களின் மேல்விளிம்பில் வண்ணக் கேடயங்கள் வரிசை கட்டி நிற்பதை அதில் பார்க்கலாம். அதற்குள் அவை காப்புக்கு இருந்ததைவிட அழகுக்கு இருந்ததே அதிகம். பலகையின் இடத்துக்கு வண்ணத்துணி வந்தது, துணியின் இடத்துக்குக் கொடிகள் வந்தன. இன்று பிரெஞ்சில் ‘பவுவாசே’ என்றால் கப்பலைக் கொடிகளால் அலங்கரிப்பது. அதிலிருந்து நீண்டு, பெருமையோடு கொண்டாடுவது என்றும் ஆகிவிட்டது. இத்தாலியக் கடற்படை விழா நாளில் முனையிலிருந்து முனைவரை கொடி கட்டினால் அதற்குப் பெயர் ‘கிரான் பவேசே’, பெரிய பவேசே. கப்பலின் மேல்தளத்துக்கு மேலே எழும் பக்கச் சுவரைப் பிரெஞ்சில் இன்னும் ‘பவுவா’ என்றே சொல்கிறார்கள். போலிஷ் மொழியின் ‘பவென்ஷ்’ படகின் பின்புறத்தில் தட்டையாக வெட்டினாற்போல இருக்கும் பலகைக்குப் பெயராகி நிற்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லை இன்னோர் இடத்திலும் வைத்தார்கள். பிராங்கியர்கள் தங்கள் தலைவனைத் தேர்ந்தெடுத்தால் கேடயத்தின் மேல் நிறுத்தித் தூக்கிக் காட்டுவார்கள். பழைய வழக்கம் அது. ரைன் நதிமுகத்துப் பழங்குடி ஒன்று பிரின்னோ என்பவனை அப்படித் தூக்கியதாகத் தாசித்துஸ் எழுதியிருக்கிறார். 360இல் பாரிசில் ஜூலியனை ரோமானிய வீரர்கள் கேடயத்தின் மேல் ஏற்றிப் பேரரசனாக அறிவித்தார்கள். பிற்காலப் பிரெஞ்சு எழுத்தாளர்கள் இந்தக் கேடயத்தை எல்லாம் ‘பவுவா’ ஆக்கிவிட்டார்கள். ‘பவுவாவில் ஏற்றுதல்’ என்றால் ஒருவரைப் பதவியில், புகழில் உயர்த்துவது. அஸ்டெரிக்ஸ் படக்கதையில் கிராமத் தலைவரை இருவர் கேடயத்தில் சுமந்து வருவது இந்த வழக்கத்தை வைத்துத்தான். பிராங்கிய அரசன் குளோவிஸின் காலத்தில் பவேசே என்ற சொல்லும் இல்லை, அந்தக் கேடயமும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டுக் கூலிப்படையின் கேடயப் பெயரை ஐந்தாம் நூற்றாண்டு அரசனின் காலடியில் வைத்தது, மறுபடி செய்கிறவர்கள் காம்பால்தினோவில் பொகேமியக் கேடயத்தை நிறுத்துவதற்கு முன்பே நடந்துவிட்ட அதே வேலை.

சமையலறையிலும் இந்தப் பெயர் இருக்கிறது. ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் பழைய ரொட்டித் துண்டுகள் இரண்டின் நடுவே பிளம் கூழ் வைத்து, பாலிலும் முட்டையிலும் தோய்த்து, வெண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டத்துக்குப் ‘போஃபேசன்’ என்று பெயர். ஊருக்கு ஊர் பஃபேசன், போபேசன் என்றெல்லாம் மாறும். வடிவத்தை வைத்துக் கேடயத்தின் பெயர் ரொட்டிக்கு வந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. இத்தாலியில் ‘சூப்பா பவேசே’ என்று ஒரு சாறு உண்டு. ரொட்டியின் மேல் முட்டை உடைத்து ஊற்றி, கொதிக்கும் சாற்றை அதன்மேல் விடுவது. 1525இல் பாவியாப் போரில் பிடிபட்ட பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவாவுக்கு ஒரு குடியானவப் பெண் செய்துகொடுத்தது என்று கதை சொல்வார்கள். இரண்டிலும் ரொட்டி, இரண்டிலும் முட்டை, இரண்டிலும் ஒரே பெயர். ஆனால் சாற்றின் பெயர் நேராக ஊரிலிருந்து வந்தது. ஆஸ்திரியப் பண்டத்தின் பெயர் கேடயத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. சொல்லாராய்ச்சி செய்கிறவருக்கு ஒரே தட்டில் வைத்த பாடம் இது.

பெயர் தன் வடிவத்தை முழுவதுமாக உதறிவிட்ட இடம் ஹங்கேரி. ஹங்கேரிய மொழியில் ‘பாய்ஷ்’ என்றால் கேடயம். ஊன்றுகேடயம் மட்டுமில்லை, ரோமானியர் ஏந்தியது, சூலுக்கள் ஏந்தியது, கலவரத்தில் காவலர்கள் பிடிக்கும் கண்ணாடி போன்ற பலகை எல்லாமே பாய்ஷ்தான். இத்தாலியப் பவேசே அந்த மொழிக்குள் போய், சுருங்கி, கேடயம் என்ற கருத்துக்கே பெயராகிவிட்டது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிக்கு 1656இல் பெயரிட்ட தாமஸ் வார்ட்டன் அதைப் பக்கத்துக் குருத்தெலும்பின் பெயரால் அழைத்தார். அந்தக் குருத்தெலும்புக்கோ கிரேக்கரின் ‘தூரெயோஸ்’ என்ற நெடுங்கேடயத்தின் பெயர். தமிழில் கேடயச் சுரப்பி என்று மொழிபெயர்த்துக்கொண்டோம். ஹங்கேரியர்களும் அப்படியே மொழிபெயர்த்துப் ‘பாய்ஷ்மிரிஜ்’ என்றார்கள். புடாபெஸ்டில் மருத்துவர் ஒருவர் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம், ஓபிசினஸ் பெருமைப்பட்ட ஊரின் பெயரைத்தான் சொல்கிறார்.